புளிமேல் போட்ட பழி

இப்போது எந்த மருந்துக் கடையில் போய் நெஞ்செரிச்சல் என்று சொன்னாலும், கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற பெண் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஓர் அட்டை கேப்சூலை எடுத்து வைத்துவிடுகிறாள். காலையில் ஒன்று, வெறும் வயிற்றில். அவ்வளவுதான். நானும் வாங்கி வருகிறேன், என் வீட்டுக்காரரும் விழுங்குகிறார். இந்த மாதிரி மருந்தெல்லாம் வேலை செய்யுமா செய்யாதா என்று பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், அதற்குத் தன் நெஞ்சைக் கொடுத்தவர்களில் இவரும் ஒருவர் என்று அவளிடம் சொல்லலாமா என்று சில நாள் ஆசையாக இருக்கும். சொன்னால் முழுக் கதையையும் சொல்ல வேண்டிவரும். எனக்குப் பின்னால் வரிசை நிற்கும்.

அது மருந்தின் கதை என்றுதான் எல்லாரிடமும் ஆரம்பிப்பேன். பாதி வழியில் மாமியார் கதையாகிவிடும்.

எண்பதுகளின் கடைசி. எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் இருக்கும். பினாங்கில், குளுகோர் பக்கம் ஒரு ஃப்ளாட்டில் வாடகைக்கு இருந்தோம். எனக்குப் பாயான் லெப்பாஸில் வேலை, சிப் செய்கிற ஃபேக்டரியில். அவருக்கு டவுனில் ஒரு கப்பல் கம்பெனி ஆபீசில் கிளார்க் வேலை. அவர் குடும்பம் யாழ்ப்பாணத்து வழி; அப்பா, தாத்தா எல்லாரும் பேனா பிடித்துச் சம்பாதித்தவர்கள். என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், தஞ்சாவூர்ப் பக்கத்து வழி. இரண்டு பேரும் தமிழ்தான், இரண்டு பேரும் முருகனைத்தான் கும்பிடுகிறோம், தைப்பூசத்துக்கு ஒரே தண்ணீர்மலைப் படியில்தான் ஏறுகிறோம். ஆனாலும் எங்கள் கல்யாணத்தை அவர் வீட்டில் ஒரு வெளிநாட்டுச் சம்பந்தம் போலத்தான் பார்த்தார்கள்.

மாமியார் கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டத்தோ கிராமாட்டில் பழைய வீட்டில் தனியாக இருந்தார். மாமனார் காலமாகிவிட்டார், மூத்த பிள்ளைகள் கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். பினாங்கில் மிஞ்சிய ஒரே பிள்ளை என் வீட்டுக்காரர். என்னை அவர் ஒரு நாளும் திட்டியதில்லை. சிரித்துக்கொண்டேதான் பேசுவார். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் எனக்குத் தெரியாது.

என் வீட்டுக்காரருக்கு நெஞ்செரிச்சல் ஆரம்பித்தது கல்யாணமான சில மாதத்தில். முதலில் சாப்பிட்டு முடித்ததும் நெஞ்சைத் தடவிக்கொள்வார். பிறகு பாதிச் சாப்பாட்டிலேயே நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிப்பார். சோடா உப்பு கரைத்துக் குடித்தார், ஓமத் தண்ணி குடித்தார், கிளினிக்கில் கொடுத்த வெள்ளை மருந்தை பாட்டில் பாட்டிலாகக் குடித்தார். எதற்கும் அடங்கவில்லை. சோறு இறங்கும்போது நடு நெஞ்சில் நின்று எரிகிறது என்று ஒரு நாள் கண்ணில் தண்ணீர் வரச் சொன்னார். அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது.

மாமியாரிடம் சொன்னோம். அவர் வழக்கமான சிரிப்போடு என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, குறை நினையாதை. உங்கட ஆக்கள் எல்லாத்துக்கும் புளியைக் கரைச்சுக் கரைச்சு ஊத்துறியள். அவன் சின்னனில இருந்து பால்கறியும் சொதியும் சாப்பிட்டு வளந்தவன். உந்தப் புளிதான் அவன்ர நெஞ்சை அறுக்குது."

யாழ்ப்பாணத்தார் புளியே தொடாதவர்கள் என்று இல்லை. ஆனால் என் மாமியார் சுத்த சைவம். தேங்காய்ப்பாலும், தேசிக்காய் என்கிற எலுமிச்சையும் போதும் அவருக்கு. அதோடு அவர் போடுகிற மிளகாய்த்தூளை யாராவது அளந்து பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு வாரத்துக்குப் போடுகிற உறைப்பை ஒரு கத்தரிக்காய்க் கறியில் கொட்டுவார். அது குற்றமில்லையாம், என் புளிதான் குற்றமாம். மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி என்று சும்மாவா சொன்னார்கள்?

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அந்த வார்த்தை மனசில் தைத்துவிட்டது. மூட்டை தூக்கிய வீட்டுப் பெண்ணுக்கு நகை இல்லை, படிப்பு அதிகமில்லை. சீதனமாகக் கொண்டுவந்தது கைப்பக்குவம் ஒன்றுதான். தெங்கிரி மீன் போட்டு நான் வைக்கிற புளிக்குழம்புக்காக ஃபேக்டரியில் எங்கள் லைனில் இருந்த மலாய்க்காரப் பெண்கள்கூடச் சாப்பாட்டு நேரத்தில் எனக்குப் பக்கத்தில் இடம் பிடிப்பார்கள். அதைத்தான், கட்டிய புருஷன் நெஞ்சைப் புண்ணாக்கிய சாமான் என்று சொன்னார்கள்.

கடைசியில் டவுனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாய் வழியாகக் கறுப்பு ரப்பர்க் குழாயை விட்டுப் பார்த்தார்கள். உணவுக்குழாயின் அடிப்பாகம் புண்ணாகியிருக்கிறது, வயிற்றுப் புளிப்பு மேலே ஏறி ஏறி அதைச் சுட்டிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். சீனர், ஒல்லியானவர், கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிக்கொண்டு அதைத் தேடுகிறவர். அவரிடம் இவர் இங்கிலீஷில் பேசினார், நான் மலாயில் பேசினேன்.

டாக்டர் அப்போது ஓர் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தார். இந்தப் புண்ணுக்கு ஏற்கெனவே ஒரு மாத்திரை இருந்தது. புதிதாக ஒரு கேப்சூல் வந்திருந்தது. எது சீக்கிரம் ஆற்றுகிறது என்று பார்க்க வேண்டும். சேருகிறவர்களுக்கு மாத்திரையும் கொடுப்பார்கள், கேப்சூலும் கொடுப்பார்கள். இரண்டில் ஒன்றுதான் நிஜம், மற்றது உள்ளே ஒன்றுமில்லாத சும்மா. யாருக்கு எது நிஜம் என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. எல்லாம் முடிந்த பிறகுதான் பிரித்துப் பார்ப்பார்கள். எப்படியும் ஏதோ ஒரு மருந்து உள்ளே போகும் என்பதால் பயமில்லை என்றார். பிடிக்கவில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்.

பத்தியம் என்ன என்று நான்தான் கேட்டேன். மருந்து என்றால் பத்தியம் கேட்காமல் எழுந்து வருகிற வழக்கம் நம் வீடுகளில் ஏது?

"மக்கான் மச்சாம் பியாசா," என்றார். வழக்கம்போல் சாப்பிடச் சொன்னார். "எதையும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். சாப்பாட்டை மாற்றினால், புண் ஆறியது மருந்தாலா சாப்பாட்டாலா என்று எனக்குத் தெரியாமல் போய்விடும்."

எனக்கு அந்த நிமிஷமே அந்த ஆள்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. இது மருந்துக்கான பரீட்சை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அது என் குழம்பின்மேல் நடக்கிற வழக்கு. என் வீட்டுக்காரர் நெஞ்சு ஆற வேண்டும். அதுவும் என் புளிக்குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டே ஆற வேண்டும். அப்படி ஆறிவிட்டால், டத்தோ கிராமாட்டில் யாரும் சிரித்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது. சேர்ந்துவிடுங்கள் என்று இவர் கையைக் கிள்ளினேன்.

ஒரு நர்ஸ் கேள்வியெல்லாம் கேட்டாள். சிகரெட் உண்டா? இல்லை. தண்ணி? தீபாவளிக்கு. ஒரு நாளைக்கு எத்தனை வேளைச் சாப்பாடு? காலை, மத்தியானம், ராத்திரி என்றார் இவர். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

விஷயத்தைக் கேட்ட மாமியாருக்கு நம்பவே முடியவில்லை.

"எது மருந்து எண்டு தெரியாமல் மருந்து குடுக்கிற டாக்குத்தரோ? வடிவாய்க் கேட்டனியளோ?"

"அதுதான் முறையாம் மாமி. தெரிஞ்சா மனசு ஒரு பக்கம் சாயுமாம்."

"சரி, பத்தியம் என்னவாம்?"

"பத்தியம் இல்லையாம். வழக்கம்போல சாப்பிடச் சொல்லிட்டாரு."

"பத்தியம் இல்லாட்டி அது மருந்தே இல்லை, பிள்ளை," என்று எழுந்து உள்ளே போய்விட்டார். அந்த வெள்ளிக்கிழமை தண்ணீர்மலைக்குப் போய் மகன் நெஞ்சுக்காக ஒரு பால்குடம் நேர்ந்துகொண்டதாகப் பிறகு தெரிந்தது. அவருக்குத் தெரிந்த மருந்து அது.

நான் வழக்கம்போலவே சமைத்தேன். அப்போதெல்லாம் ஓவர்டைம் முடிந்து ஃபேக்டரி பஸ் என்னை இறக்கிவிடும்போது ஏழரை ஆகிவிடும். காலையிலேயே குழம்பை வைத்துவிட்டுப் போவேன்; வந்து உலை வைத்து, ஏதாவது பொரித்து, எட்டரைக்கு உட்காருவோம். எனக்காகக் காத்திருந்து சாப்பிடுகிற புருஷன் எத்தனை பேருக்குக் கிடைப்பான் என்று எனக்கு உள்ளூரப் பெருமை. சாப்பிட்டதும் அவர் பிரம்பு நாற்காலியில் காலை நீட்டிச் சாய்ந்து டிவி பார்ப்பார். அப்படியே தூங்கிவிடுவார்.

பயம் இல்லாமல் இல்லை. ஒரு நாள் புளி கரைக்கும்போது கை தானாகப் பாதியிலேயே நின்றுவிட்டது. அவருக்கு வலித்தால் என்ன செய்வது? வழக்கும் வேண்டாம், வெற்றியும் வேண்டாம் என்று தோன்றியது. பிறகு டாக்டர் சொன்னதை நினைத்துக்கொண்டு மிச்சத்தையும் கரைத்து ஊற்றினேன். அன்று அவர் சாப்பிடும்போது அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் முறை குழம்பு கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார்.

எரிச்சல் மெல்லக் குறைந்தது. முழுசாகப் போகவில்லை, ஆனால் நெஞ்சைத் தடவுவது நின்றுவிட்டது. பாதி மருந்து முடிந்ததும் இரண்டாம் தடவை குழாய் விடுகிற நாள் வந்தது. நான் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். முதல் நாள் ராத்திரியிலிருந்து வயிறு காலியாக இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அப்படியே செய்தோம்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். கண்ணாடி நெற்றிமேல் இருந்தது.

"நேற்று ராத்திரி என்ன சமைத்தீர்கள்?"

"சோறு, மீன் குழம்பு, உருளைக்கிழங்கு பொரித்தேன்."

"கீரை?"

"கீரையா? இந்த வாரம் கீரையே வாங்கவில்லை."

"வயிற்றுக்குள் கீரை இருக்கிறதே! இத்தனை மணி நேரம் கழித்தும் செரிக்காமல் கிடக்கிறது. எவ்வளவு சாப்பிட்டாரோ!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே கட்டிலில் இவர் ஒருக்களித்துப் படுத்திருந்தார். ஊசி மயக்கம் இன்னும் தெளியவில்லை. முகத்தில் ஒரு குழந்தைச் சிரிப்பு. டாக்டர் குனிந்து இங்கிலீஷில் கேட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் கண்ணை மூடிக்கொண்டே, தமிழில், அவ்வளவு ஆசையாகச் சொன்னார்:

"முருங்கையிலை வறை. அம்மா வச்சது. பிட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும். ரெண்டு தரம் போட்டாங்க."

"எப்ப?" என்றேன்.

"ஆபீஸ் விட்டு வரும்போது. தினம்தானே போறேன்."

"எத்தனை நாளா?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து."

சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிட்டார். நான் டாக்டருக்கு மலாயில் சொல்ல வேண்டியிருந்தது. என் புருஷன் இரண்டு வருஷமாகத் தினமும் சாயங்காலம் அம்மா வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, ராத்திரி என் வீட்டில் இன்னொரு முறை வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, அப்படியே சாய்ந்து தூங்குகிறார் என்பதை என் வாயாலேயே சொன்னேன். சொல்லும்போது காது சுட்டது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. "அப்படி இரண்டு முறை அடைத்துவிட்டுப் படுத்தால், புளிப்பு மேலே ஏறாமல் எங்கே போகும்?" என்றார். பிறகு ஏதோ யோசனை வந்தது போல நிமிர்ந்தார். "ஆய்வு ஆரம்பித்த பிறகும் இப்படித்தானா? ஒரு நாளும் மாற்றவில்லையா?"

"மாற்றியதாகத் தெரியவில்லை."

"அப்படியென்றால் அவர் என் சொல்லைத் தவறவேயில்லை. அவருக்கு வழக்கம் அதுதான்." புண் முக்கால்வாசி ஆறிவிட்டது என்றும் சொன்னார். இப்போதே விலகினாலும் சரி, தொடர்ந்தாலும் சரி. தொடர்வதானால், மருந்து முடிகிற வரைக்கும் எதையும் மாற்றக்கூடாது. இரண்டு சாப்பாடும் நடக்க வேண்டும். முடிவை அவர் விழித்ததும் அவரே சொல்லட்டும் என்றார்.

விழித்ததும் என் முகத்தைப் பார்த்தார். தொடர்கிறேன் என்றார்.

டாக்ஸி பிடித்து நேரே டத்தோ கிராமாட்டுக்கு விட்டேன்.  எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. எட்டரை மணிவரை எனக்காகப் பசியோடு காத்திருக்கிறார் என்று நினைத்தேனே, அந்தப் பெருமையெல்லாம் பொய். இரண்டு வருஷமாக, ஏற்கெனவே தின்று ஏப்பம் விட்ட மனுஷனுக்கு நான் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். என்னைவிட அவர் அம்மாவுக்கு நன்றாக எல்லாம் தெரிந்திருக்கிறது, இரண்டு பேரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கியிருக்கிறார்கள் என்று பொருமிக்கொண்டே போனேன்.

மாமியார் கேட்டைத் திறந்ததும் நான் உட்காரக்கூட இல்லை.

"மாமி, உங்க மகன் தினமும் ராத்திரி எங்க வீட்டுல சாப்பிடுறார்னு தெரியுமா?"

"அங்கை என்னத்தைச் சாப்பிடுறான்?" என்றார் அவர், பரிதாபமாக. "நீ வேலையால வரவே இருண்டுபோம். களைச்சு விழுந்து வாற பிள்ளை என்னத்தைச் சமைக்கும்? ரெண்டு வாய் புளிச்சோறு தின்னுறான், பாவம், எண்டுதானே நான் பின்னேரம் வயிறாரப் போட்டு விடுறனான்."

"ரெண்டு வாயா? தினமும் சோறு, குழம்பு, பொரியல். ரெண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடுறார், மாமி!"

மாமியார் மெல்ல மகன் பக்கம் திரும்பினார். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, இன்னும் மயக்கம் தெளியாதவர் போல நடித்துக்கொண்டிருந்தார்.

"எட கள்ளா!" என்றார் மாமியார். "வீட்டை போனா ரெண்டு வாயோட படுக்கிறனான் எண்டு சொல்லுவியேடா!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மாமியாரையும் இவர் ஏமாற்றியிருக்கிறார். மகனுக்கு நான் சரியாகச் சோறு போடுவதில்லை என்று இரண்டு வருஷமாக அந்த அம்மா நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அப்படி நினைத்தும் அதற்காக என்னை ஒரு சொல் குறை சொன்னதில்லை. ஃபேக்டரியில் நின்று களைத்து வருகிற பெண், என்ன செய்வாள் என்று என் பங்கையும் சேர்த்துத்தான் அவர் சமைத்துக்கொண்டிருந்தார். 

"ஏன்டா உனக்கு இந்த வேலை?" என்று அம்மா கேட்டார்.

"வேணாம்னு சொன்னா உங்க முகம் வாடிடும்," என்றார் இவர். பிறகு என்னைப் பார்த்து, "அங்க வேணாம்னு சொன்னா இவ முகம் வாடிடும்லா."

இருதலைக்கொள்ளி எறும்பு என்று படித்திருக்கிறேன். இந்த எறும்பு இரண்டு பக்கமும் நன்றாகத் தின்றுவிட்டல்லவா தவித்திருக்கிறது! முதலில் சிரித்தது மாமியார். எப்போதும் சிரிக்கிற சிரிப்பு இல்லை, தோள் குலுங்கிய சிரிப்பு. நானும் சிரித்துவிட்டேன். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

அடுத்து வந்த வாரங்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. டாக்டர் உத்தரவுப்படி இரண்டு சாப்பாடும் நடந்தது. முன்பு திருட்டுத்தனமாகச் சாப்பிட்டவர் இப்போது இரண்டு பெண்களுக்கும் தெரிந்து சாப்பிட வேண்டும். திருடனுக்குத் தேள் கொட்டியது போல, போதும் என்று சொல்லவும் வழியில்லை. நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழையும்போதே டெலிபோன் அடிக்கும்.

"பிள்ளை, இண்டைக்கு இடியப்பமும் சொதியும், வாழைக்காய் பொரிச்சும் குடுத்தனான். ஒண்டும் மிச்சம் விடேல்லை. நீ என்ன வச்சனி?"

"கெம்போங் மீன், மாமி. புளிக்குழம்பு."

"ஓமோம். வழமைபோலதானே? குறைச்சுப் போட்டிடாதை. டாக்குத்தர் ஏசுவார்."

என்னிடம் அவர் புளியைக் குறைக்காதே என்று சொன்னார்! ரிசீவரை வைத்துவிட்டுத் தனியாகச் சிரித்துக்கொள்வேன். அதற்கு முன்னால் நாங்கள் போனில் பேசியதே கிடையாது. மெனுவில் ஆரம்பித்த பேச்சு கத்தரிக்காய் விலை, கால் வலி, என் லைனில் நடந்த சண்டை என்று நீண்டுகொண்டே போகும். இவர் ஒரு பக்கம் நாற்காலியில் சாய்ந்து, அடுத்த சாப்பாடு எப்போது வருமோ என்று கவலையாக எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கடைசிக் குழாய் விடுகிற நாளில் மாமியாரும் வந்தார். டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டார். அந்தக் குழாயில் பக்கவாட்டில் இன்னொரு கண் வைத்திருந்தார்கள், படிக்க வருகிற டாக்டர்கள் பார்ப்பதற்காக. அதில் என்னைப் பார்க்கச் சொன்னார். குழந்தையின் வாய்க்குள் பார்ப்பது போல இளஞ்சிவப்பாக, வழுவழுவென்று இருந்தது. ஒரு கீறல் இல்லை. மாமியாரும் குனிந்து பார்த்தார்.

"இதுக்குள்ளாலையோ அவ்வளவு சோறும் போனது?" என்றார்.

டாக்டரிடம் நான் கேட்க நினைத்ததைக் கேட்டேன். அப்படியானால் என் புளி? அவர் கண்ணாடியைத் தேடிக்கொண்டே சொன்னார்: "தினமும் உங்கள் புளிக்குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டுதான் ஆறியிருக்கிறது. அதற்குமேல் நான் எதுவும் சொல்ல முடியாது." எனக்கு அதுவே போதும். என் வீட்டுக்காரருக்குக் கிடைத்தது புதுசா பழசா என்று பிறகு ஒரு தரம் கேட்கப் போனேன். அதற்குள் டாக்டர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். மாத்திரையோ கேப்சூலோ, என் வழக்கில் எனக்குத் தீர்ப்புக் கிடைத்துவிட்டது. அன்று அந்த அறையிலேயே மாமியார் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். பெருமையடிக்கக்கூடத் தோன்றவில்லை, அவ்வளவு நிம்மதி.

டாக்டர் பேச்சை முடித்திருக்கவில்லை.

"ஆய்வு முடிந்தது. இனிமேல் வழக்கத்தை மாற்ற வேண்டும். திரும்ப வராமல் இருக்க வேண்டுமென்றால், ராத்திரிக்கு ஒரு சாப்பாடுதான். அதுவும் ஏழு மணிக்கு முன்னால். சாப்பிட்டுவிட்டு உடனே சாயக்கூடாது."

ஏழு மணிக்கு முன்னால். ஏழு மணிக்கு நான் பஸ்ஸில் இருப்பேன். ஓவர்டைம் இல்லாமல் எங்களால் வாடகை கட்ட முடியாது. டாக்டர் யாரையும் மனசில் வைத்துச் சொல்லவில்லை; கடிகாரத்தை வைத்துச் சொன்னார். என் புளி ஜெயித்துவிட்டது, என் சாப்பாட்டு மேசை தோற்றுவிட்டது.  மாமியார் இடத்தில் வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கு முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருக்கும். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அதற்குப் பிறகு இவர் தன் அம்மா வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருவார். நான் வந்ததும் எனக்கு எதிரே உட்காருவார், பாவம், என்னைத் தனியாக விடக்கூடாதென்று. ஒருவர் சாப்பிட ஒருவர் பார்ப்பது என்ன சாப்பாடு? எனக்கு மட்டும் மீன் கழுவிப் புளி கரைக்க மனம் வரவில்லை. ரொட்டியை மைலோவில் தொட்டுத் தின்றேன். மெகி மீ நூடுல்ஸ் ஆக்கித் தின்றேன். சில நாள் பசியில்லை என்று படுத்துவிடுவேன். டெலிபோனும் அடிப்பதில்லை, இப்போது சொல்ல மெனு ஏது? அந்த வாரங்களில்தான் வீடு எவ்வளவு சத்தமில்லாமல் இருக்கிறது என்று கவனித்தேன்.

ஒரு நாள் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தேன். மேசையில் ஒரு டிபன் கேரியர் இருந்தது. மாமியார் வீட்டுக் கேரியர்.

"அம்மா குடுத்தாங்க. உனக்கு," என்றார் இவர். "நீ ரொட்டி தின்னுறேன்னு சொன்னேன். என்னைத் திட்டிட்டாங்க."

மேல் தட்டில் சோறு, இன்னும் சூடு ஆறவில்லை. நடுத்தட்டில் அப்பளம். அடித்தட்டைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. கத்தரிக்காய் போட்டுப் புளிக்குழம்பு. என் மாமியார் வைத்த புளிக்குழம்பு.

ஒரு வாய் எடுத்து வைத்தேன். பல் கூசியது. எங்கள் ஆட்கள் புளியைக் கரைத்துக் கரைத்து ஊற்றுவார்கள் என்று நம்பியவர் அல்லவா? நான் போடுகிற புளியைப் போல மூன்று மடங்கு போட்டிருந்தார். புளியின் நார்கூடக் கிடந்தது. நான் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. இவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவுவதற்குள் டெலிபோன் அடித்தது.

"புளி காணுமோ, பிள்ளை?"

"காணும், மாமி. நல்லாப் போதும்."

"உங்கட ஆக்கள் மாதிரி எனக்கு வராது. கடைக்காரப் பிள்ளையட்டைக் கேட்டுத்தான் வச்சனான்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவன் சட்டியைத் திறந்து பாத்து எனக்கும் எண்டு கேட்டவன். ஒரு துளியும் குடுக்கேல்லை. அது உனக்கெண்டு வச்சது. நாளைக்கும் வைக்கட்டே?"

வையுங்கள் மாமி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

"சரி சரி," என்றார் அவர். "நாளைக்கும் வைக்கிறன்."